அரசன் நட்ட ஆலும் காத்தாயியின் மண்குழியும்

கேளுங்கள். மன்னன் கை பட்டால்தான் மரம் முளைக்கும் என்று புலவர்கள் பாடிப் பரிசு வாங்கிய காலத்தில், திருமுடியன் என்றோர் அரசன் இருந்தான். முடிசூடிய நாளில் அரண்மனைத் தோட்டத்தின் ஓரத்தில், மதிலை ஒட்டி, ஓர் ஆலங்கன்றை நட்டான். அரசன் நட்ட மரத்தில் இரும்பு படக் கூடாது என்பது அந்த நாட்டு வழக்கம்.

கன்று மரமானது. மரம் மதிலில் சாய்ந்தது. மதில் வெடித்தது.

வெட்ட முடியாது. கிளை கழிக்க முடியாது. வேரறுக்க முடியாது. அமைச்சர் யோசித்தார். "அரசே, மதிலை வெளியே தள்ளிக் கட்டிவிடலாம். மரத்துக்கும் இடம் கிடைக்கும்" என்றார்.

வெளியே இருந்தது குயவர் தெரு. இடம் போதவில்லை என்றால் பெரியவர்கள் கண்ணுக்கு முதலில் தெரிவது ஏழையின் வாசல்தானே! வருகிற அமாவாசைக்குள் தெருவைக் காலி செய்யச் சொல்லித் தண்டோரா போட்டார்கள்.

அந்தத் தெருவில் மதிலுக்குப் பக்கத்து வீடு காத்தாயியுடையது. பானை தட்டிப் பிழைப்பவள். வாய் நீளம் என்று பெயர் எடுத்தவள். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் வீடு போனால், அவளுக்குப் போக வேறு இடம் கிடையாது.

முதல் தடவை தனியாகப் போய் முறையிட்டாள். வாயிற்காவலன் விரட்டினான். இரண்டாம் தடவை அண்டை வீட்டாரோடு போனாள். அமைச்சர் சிரித்தார். மூன்றாம் தடவை தெருவே போனது. சக்கரங்கள் நின்றன. அரண்மனை அடுக்களையில் உடைந்த பானைக்கு மாற்றுப் பானை வரவில்லை. அரசன் இறங்கி வந்தான்.

"என் மரத்துக்கு இடம் தர மாட்டேன் என்கிறாயாமே?"

"உங்கள் மரமா? என் வாசல் வரைக்கும் வந்து பாருங்கள், அரசே."

வாசலில், களிமண் ஊறவைக்கும் குழி. காத்தாயி கையை விட்டுச் சேற்றை விலக்கினாள். மதிலுக்கு அடியில் புகுந்து வந்த ஆலவேர், தொடைப் பருமன், அந்தத் தண்ணீரில் கற்றை கற்றையாகப் பரவிக் கிடந்தது.

"உள்ளே தோட்டம் முழுக்கக் கல் பாவிவிட்டீர்கள். தாகம் எடுத்த மரம் எங்கள் பக்கம் வந்தது. வராதே என்று நாங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. எங்களைத் துரத்துங்கள், குழி காயும். குழி காய்ந்தால் நீங்கள் நட்ட மரமும் காயும்."

அமைச்சர் கனைத்தார். "அப்படியானால் மதிலை என்னதான் செய்வது?"

"உள்ளே தள்ளிக் கட்டுங்கள்."

அரசன் முகம் சிவந்தது. "அரசனின் மதில் பின்வாங்குவதா?"

"பின்வாங்குவது மதில்தானே, அரசே. நீங்கள் நின்ற இடத்திலேயே நில்லுங்கள்."

ஈட்டியோடு நின்ற காவலனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அரசன் வேரைப் பார்த்தான். மரத்தைப் பார்த்தான். குழியைப் பார்த்தான். பிறகு அவனும் சிரித்தான்.

மதில் உள்ளே போனது. மரம் தெருவுக்கு வந்தது. ஈரப் பானைகள் வெயிலில் வெடிக்காமல் அதன் நிழலில் பதமாகக் காய்ந்தன. புலவர்கள் அரசனின் பெருந்தன்மையைப் பாடினார்கள்; காத்தாயியைப் பாட மறந்தார்கள். அதனால் அவளுக்கு ஒரு பானைகூடக் குறையவில்லை.

தோட்டத்தில் நிழல் இல்லாமல் போகவே, உச்சி வேளையில் அரசனும் தெருவுக்கு வருவான்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், அரசே. பானை காய்கிறது" என்பாள் காத்தாயி.

அரசன் தள்ளி உட்காருவான்.

வளர்ந்துவிட்டதற்கு இடம் விட வேண்டியவன், இடம் அதிகம் வைத்திருப்பவனே.