தாழந்திட்டில் டீச்சர் வேலை

கொன்றைக்காட்டு ஏரிக்கரையில் ஒரு பெரிய நாவல் மரம். அதில் முப்பது மைனாக்கள் குடியிருந்தன. அவற்றில் ஒருத்தி பூவாய். அவளுக்கு மனிதப் பேச்சு தெரியும்.

கரைக்குப் பக்கத்தில் ஒரு பயணியர் விடுதி இருந்தது. அதன் சமையலறை ஜன்னலில் உட்கார்ந்து பூவாய் பதினோரு வாக்கியம் கற்றிருந்தாள். "வாங்க, உட்காருங்க!" என்பாள். "ரூம் காலி இல்லை!" என்பாள். "கரண்ட் போயிடுச்சு!" என்பதை மூன்று குரலில் சொல்வாள்.

பதினோராவது வாக்கியத்தை மட்டும் அவள் சொல்வதே இல்லை. விடுதிக்குள் ஒரு சாரைப்பாம்பு புகுந்த அன்று கற்றது அது. "பாம்பு! பாம்பு! ஓடுங்க!" ஒருமுறை மரத்தில் விளையாட்டாகச் சொல்லிப் பார்த்தாள். மனிதப் பேச்சே தெரியாத பறவைகளுக்கும் அந்த ஒரு சொல் மட்டும் தெரிந்திருந்தது. கூட்டமே பறந்துபோய் மூன்று நாள் திரும்பவில்லை. திரும்பி வந்தபின் அவள் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல.

இவ்வளவு படித்தும் பயனில்லை. அந்த மரத்தில் பாதிப்பேருக்கு மனிதப் பேச்சு தெரியும், மீதிப்பேருக்கு அதில் ஆசை இல்லை. சொல்லிக்கொடுக்க எல்லோரும் இருந்தார்கள், கற்றுக்கொள்ளத்தான் ஆளில்லை.

அப்போதுதான் செம்போத்து செங்கண்ணன் வந்தான். செம்போத்து குறுக்கே போனால் நல்ல சகுனம் என்பார்கள் அல்லவா? அதனால் அவன் வந்தால் யாரும் விரட்டுவதில்லை. அவனும் அதைத் தெரிந்து வைத்திருந்தான்.

"ஏம்மா பூவாய், டீச்சர் வேலை ஒண்ணு இருக்கு. போறியா?"

"எங்கேண்ணே?"

"ஏரி நடுவுல தாழந்திட்டு. நாள் முழுக்கத் தாழம்பூ வாசனை. மனிதப் பேச்சு கத்துக்க அங்கே பிள்ளைங்க ஏங்கிக் கிடக்குது!"

"பிள்ளைங்க எப்படி? அடங்குமா?"

"அடங்குமாவா! சத்தமே வராது. கையைக் காலை ஆட்டாது. டீச்சரை வெச்ச கண்ணு வாங்காமப் பார்க்கும். வருஷத்துக்கு நாலு தடவை புதுச் சட்டை மாத்தற பிள்ளைங்கம்மா!"

"ஏற்கெனவே போனவங்க என்ன சொல்றாங்க?"

"ஒருத்தர்கூட வேலையை விட்டுத் திரும்பி வந்தது கிடையாது!"

"உங்களுக்கு நான் என்ன தரணும்?"

"ஒரு நாவல்பழம்கூட வேண்டாம், போ!"

செங்கண்ணன் சொன்னதில் ஒரு பொய்கூடக் கிடையாது. வேண்டுமானால் திரும்பப் படித்துப் பாருங்கள்.

பூவாய் தயங்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவளுடைய அண்ணன் கோவன் ஐப்பசியில் அதே வேலைக்குப் போயிருந்தான். செங்கண்ணன்தான் கூட்டிப்போனான். போன பத்தாம் நாளிலிருந்து பொழுது சாயும் நேரத்தில் திட்டிலிருந்து அவன் குரல் வரத் தொடங்கியது.

"நான் நலம்! நீயும் வா!"

மரமே காது கொடுத்துக் கேட்கும். அவனுக்கு முன்னால் போனவர்களின் குரல்களும் வரும். எல்லாம் அதே சொற்கள்தான்.

மைனாக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியில் என்ன பாஷை பேசினாலும் வீட்டுக்குள் சீழ்க்கைதான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிச் சீழ்க்கை. மாலையில் மரத்துக்கு வருகிறவர் முதலில் அதை அடிக்க வேண்டும். பிறகுதான் கிளையில் இடம் விடுவார்கள். கோவன் திட்டிலிருந்து ஒரு நாளும் அந்தச் சீழ்க்கையை அடிக்கவில்லை. கூடப் பிறந்தவளைக்கூட மனிதப் பேச்சில்தான் கூப்பிட்டான்.

யாராவது சந்தேகப்பட்டார்களா? "பார்த்தியா, வெளியூர் போனதும் மனிதப் பேச்சாகவே பேசறான்!" என்று பூரித்துப் போனார்கள். பூவாய்க்கும் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமைதான் அவளைக் கெடுத்தது.

மார்கழிக் காலையில் செங்கண்ணனுடன் புறப்பட்டாள். ஏரியே தெரியாதபடி பனிமூட்டம். அவன் தடுமாறித் தடுமாறி முன்னால் பறந்தான். அவனுடைய செம்பழுப்பு இறக்கையை அடையாளம் வைத்து அவள் பின்னால் போனாள்.

திட்டில் இறங்கியதும் தாழம்பூ வாசனை மூக்கை அடைத்தது. ஆனால் ஒரு தவளைச் சத்தம் இல்லை. ஒரு எறும்புகூட ஊரவில்லை. இலைகளில் விழுந்த பனி சொட்டுவது மட்டும் கேட்டது.

"இறக்கைக்கு நாலு நாலு இறகு கொடும்மா" என்றான் செங்கண்ணன். "பறக்கற இறகா இருக்கணும். நான் பத்திரமா வெச்சிருப்பேன். ஊருக்குப் போகும்போது வாங்கிக்கலாம்."

"எதுக்குண்ணே?"

"இங்கே வழக்கம் அப்படி. உங்க அண்ணனும் கொடுத்தான்."

அண்ணன் பேரைச் சொன்னதும் பூவாய் இறக்கையை நீட்டினாள். எட்டு இறகுகளையும் அவன் பிடுங்கினான். வலித்தது. அவற்றை அலகில் கவ்விக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே பறந்து போனான்.

பூவாய் தத்தித் தத்திப் புதருக்குள் நடந்தாள். முள்ளில் எதுவோ தொங்கியது. துவைத்துக் காயப்போட்ட துணிபோல மெல்லியதாக, நீளமாக இருந்தது. ஒன்றல்ல, புதர் முழுக்கத் தொங்கியது. மைனாக்கள் கூட்டில் பரப்ப இதைத் தேடிப் பொறுக்குவார்கள். அதனால் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எல்லாம் பாம்பு உரித்த சட்டைகள். 'புதுச் சட்டை மாத்தற பிள்ளைங்க' என்று அவன் சொன்னது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கால் அங்கேயே நின்றுவிட்டது.

"வாங்க டீச்சர்!" என்றது ஒரு குரல்.

தாழை வேரில் ஒரு கிழ நாகம் சுருண்டிருந்தது. அதற்குப் பின்னால் வரிசையாகப் பத்துப் பாம்புகள். ஒன்றும் அசையவில்லை. ஒன்றும் இமைக்கவில்லை. பாம்புக்கு இமை ஏது?

"எங்க அண்ணன் எங்கே?" என்றாள் பூவாய்.

"டீச்சர் கேக்கறாங்க. படிச்சதைச் சொல்லிக் காட்டுங்க பிள்ளைங்களா!"

முதல் பாம்பு வாயைத் திறந்தது. "நான் நலம்! நீயும் வா!" அது பூவாய்க்குச் சின்ன வயதில் பழம் கொடுத்த செம்மலர் அக்காவின் குரல். இரண்டாவது பாம்பு திறந்தது. அது பக்கத்துக் கிளை மாறனின் குரல். இப்படியே ஒவ்வொன்றாக வந்தது. ஒன்பதாவது பாம்பு தடித்திருந்தது. அது மெதுவாகத் தலையைத் தூக்கி, கோவனின் குரலில், கொஞ்சமும் பிசகாமல் சொன்னது.

"நான் நலம்! நீயும் வா!"

பூவாய் அந்தத் தடித்த உடம்பையே பார்த்தாள்.

"எப்படி டீச்சர், சரியா சொன்னானா?" என்றது நாகம்.

"ரொம்ப நல்லா சொன்னான்" என்றாள் பூவாய். அந்த மூன்று சொல்லைச் சொல்ல அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

பத்தாவது ஒரு சின்னப் பாம்பு. அது முன்னால் ஊர்ந்து வந்து அவள் காலடியில் உட்கார்ந்தது.

"இவனுக்கு இன்னும் குரல் கிடைக்கலை" என்றது நாகம். "உங்க குரல் இவனுக்கு. அவன் உங்களை மாதிரியே சொல்லிட்டான்னா பாடம் முடிஞ்சுது."

"முடிஞ்சதும்?"

"சாப்பாடு."

நாகம் மறைக்கவில்லை. ஓட முடியாதவளிடம் மறைக்க என்ன இருக்கிறது? "நீந்தி வந்து, மரம் ஏறி, உங்க கூட்டத்துகிட்டக் கொத்து வாங்கணும்னு எங்களுக்கு என்ன தலையெழுத்து? இருக்கற இடத்துக்கே வருது. செங்கண்ணன் நாணயமானவன். கோரைப்புதர்ல அவன் கூட்டுப் பக்கம் நாங்க போறதில்லை. பதிலுக்கு ஆள் அனுப்பறான்."

அப்போதுதான் பூவாய்க்கு விளங்கியது. அவளிடம் ஒரு பழம்கூட வாங்காதவன், கூலியை இங்கே வாங்கிக்கொண்டிருந்தான்.

அவள் தன் இறக்கையைப் பார்த்தாள். வெட்டின இறகு சீக்கிரம் வளராது. பிடுங்கின இறகு ஒரு மாதத்தில் வளரும். ஒரு மாதம் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"சரி. பாடத்தை ஆரம்பிப்போம்!" என்றாள்.

அன்றிலிருந்து அவளைப்போல ஒரு கண்டிப்பான டீச்சரை நீங்கள் பார்த்திருக்க முடியாது. "வாயை இன்னும் திற!" என்பாள். "நாக்கு ரெண்டா இருக்கு, அதான் தடுக்குது. ஒண்ணை மட்டும் அசை!" என்பாள். "நேத்து நல்லா வந்துது, இன்னிக்குக் கெட்டுப்போச்சு. மறுபடி முதல்லேருந்து!" என்பாள். அந்தச் சின்னப் பாம்பு பாவம், பயந்து பயந்து சொல்லும். ஆனாலும் அதற்கு மூளை இருந்தது. ஒவ்வொரு நாளும் அதன் வாயிலிருந்து அவளுடைய குரல் இன்னும் கொஞ்சம் வந்தது. தன் குரல் தன்னை விட்டுப் போவதை அவள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

இறக்கைக்குள் புது இறகுகள் முள்முள்ளாகக் குத்தின. அரித்தாலும் கோதவில்லை. நாகத்தின் கண்ணில் படாதபடி இறக்கையை ஒட்டி வைத்துக்கொண்டாள்.

இருபத்தேழாம் நாள் நாகம் சொன்னது. "நாளைக்குக் காலைல புது டீச்சர் வர்றாங்க. வேம்பியாம், உங்க மரம்தான். அதுக்குள்ளே இவன் பாடத்தை முடிச்சிடுங்க."

வேம்பி பூவாயோடு ஒரே பொந்தில் பொரிந்தவள்.

"வர்றவங்களை வரவேற்கப் பெரிசா ஏதாவது சொல்லிக்கொடுங்களேன்" என்று நாகம் தொடர்ந்தது. "மனுஷங்க எங்களைப் பார்த்ததும் ஒண்ணு கத்துவாங்க, அர்த்தம்தான் எங்களுக்குப் புரியாது. வீடே எழுந்து நிக்கும். அந்த வாக்கியம் உங்களுக்குத் தெரியுமா?"

பூவாய் ஒரு தத்து முன்னால் வந்தாள். "தெரியும் ஐயா. அதை மனுஷங்க வேற யாருக்கும் சொல்லமாட்டாங்க. உங்க இனத்துக்கு மட்டும்தான்!"

"அப்படியா!" நாகத்தின் படம் பெருமையில் விரிந்தது.

"சொல்லும்போது ஒருத்தர்கூட உட்கார்ந்திருக்கமாட்டாங்க. அதைப் பத்துப்பேரும் சேர்ந்து, தண்ணி ஓரமா நின்னு, தலையைத் தூக்கி, உரக்கச் சொல்லணும்!"

பூவாயும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அன்று இரவு முழுக்க மெல்லிய குரலில் அதைச் சொல்லிக்கொடுத்தாள்.

மறுநாள் பனிக்குள் இரண்டு பறவைகள் வருவது தெரிந்தது. முன்னால் செங்கண்ணன், பின்னால் வேம்பி. பத்துப் பாம்புகளும் கரையோரம் வரிசையாக நின்று தலையைத் தூக்கின. நாகம் நடுவில் படம் விரித்து நின்றது.

"சொல்லுங்க!" என்றாள் பூவாய்.

"பாம்பு! பாம்பு! ஓடுங்க!"

செம்மலர் அக்காவின் குரலில், மாறனின் குரலில், செத்துப்போன ஒன்பது பேரின் குரலிலும் அது ஏரி முழுக்க எழுந்தது. சின்னப் பாம்பு பூவாயின் குரலில், ஒரு பிசகும் இல்லாமல் சொன்னது. திட்டுக்குப் போனபின் கோவனின் குரல் அன்றுதான் முதல்முறையாக உண்மையைச் சொன்னது.

வேம்பி காற்றில் ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு அலறிக்கொண்டு திரும்பினாள். அக்கரையில் மரம் மரமாகப் பறவைகள் கிளம்பின.

"ஏன் ஓடறாங்க? டீச்சர், ஏன் ஓடறாங்க?" என்று நாகம் திரும்பியது.

கிளையில் டீச்சர் இல்லை. அரைகுறையாய் வளர்ந்த இறகோடு அவள் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறந்துகொண்டிருந்தாள். பாதிக்கு மேல் இறக்கை ஓய்ந்தது. அல்லி இலையில் விழுந்து, எழுந்து, மறுபடி பறந்து, கரைச் சேற்றில் போய்ச் சொத்தென்று விழுந்தாள். முதலில் அவள் செய்தது குடும்பச் சீழ்க்கையை அடித்ததுதான். மரம் இடம் விட்டது.

அவள் சொன்னதைக் கேட்டபின் செங்கண்ணனை யாரும் மரத்தருகில் அண்டவிடவில்லை. "நான் என்ன பொய் சொன்னேன்? ஒண்ணு காட்டுங்க!" என்று கெஞ்சிப் பார்த்தான்.

மாதம் ஒன்று போயிற்று. திட்டுக்கு ஆள் போகவில்லை. ஒரு காலையில் ஏரித் தண்ணீரில் மெல்லிய கோடுகள் விழுந்தன. பதினோரு கோடுகள். அவை கோரைப்புதரை நோக்கிப் போயின. அங்கே செங்கண்ணனின் கூட்டில் மூன்று குஞ்சுகள் இருந்தன. அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. அந்தக் குஞ்சுகள் யாரையும் ஏமாற்றவில்லை.

அதற்குப்பின் செங்கண்ணனையும் கொன்றைக்காட்டில் யாரும் பார்க்கவில்லை. ஆனால் அவன் குரல் கேட்கிறது. பொழுது சாய்ந்தால் தாழம்புதருக்குள்ளிருந்து வரும்.

"ஏம்மா, டீச்சர் வேலை ஒண்ணு இருக்கு. போறியா?"

அதற்குப் பின்னால் கோவனின் குரலும் வரும். "நான் நலம்! நீயும் வா!"

பூவாய் கிளை நுனிக்கு வந்து தங்கள் வீட்டுச் சீழ்க்கையை ஒருமுறை அடிப்பாள். பிறகு காத்திருப்பாள். இன்றுவரை அங்கிருந்து பதில் சீழ்க்கை வந்ததில்லை.

வெளியூர் வேலைக்கு ஆள் சேர்ப்பவன் உன்னிடம் கூலி வேண்டாம் என்றால், அதை யாரிடம் வாங்குகிறான் என்றும், முன்னால் போனவர்கள் ஏன் ஒருவரும் திரும்பி வரவில்லை என்றும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே இறகைக் கொடுக்க வேண்டும்.