முடிசூட்டுக்கு முந்தினது செல்லாது

முன்னொரு காலத்தில் (எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், வம்பே அதில்தான் வந்தது) செங்கழனி நாட்டைக் கோதண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் யாராவது புகழ்ந்துவிட்டால் போதும், தலைகால் புரியாது.

ஒருநாள் சபையில் மந்திரி இளநாகர் மனித குலம் கடந்து வந்த காலங்களை விவரித்துக்கொண்டிருந்தார். கல்லைத் தூக்கிக்கொண்டு திரிந்த காலம், நெருப்பு கண்ட காலம், ஏர் பூட்டிய காலம், இரும்பு உருக்கிய காலம், எழுத்து பிறந்த காலம் என்று போய்க்கொண்டே இருந்தது. ராஜா கொட்டாவி விட்டான்.

"இதில் நான் எப்போதய்யா வருவேன்?"

"கடைசியில், மன்னா."

"கடைசியிலா!" ராஜாவின் முகம் சுருங்கிவிட்டது.

சபையில் பூதலிங்கம் என்று ஒருவன். மந்திரி பதவி மேல் அவனுக்கு ரொம்ப நாளாகக் கண். சட்டென்று எழுந்தான்.

"மகாராஜா! தங்களைக் கடைசியில் உட்கார வைக்க இவர் யார்? தாங்கள் முடிசூடிய நாள்தான் உலகத்துக்கே முதல் நாள். அதற்கு முந்தினது எதுவும் செல்லாது என்று உத்தரவு போடுங்கள்!"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஆகா! இளநாகரே, நாளைக்குள் பழைய காலம் எதுவும் இந்த நாட்டில் இருக்கக்கூடாது. இருந்தால் நீர் நாட்டை விட்டே போகலாம். உம் பதவி பூதலிங்கத்துக்கு."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மந்திரி. பாவம், மனுஷனுக்கு உள்ளுக்குள் ஒரே கவலை. இந்த வயதில் எங்கே போவது?

மறுநாள் காலை ராஜா குளிக்கப் போனால் தண்ணீர் ஜில்லென்று இருந்தது.

"வெந்நீர் எங்கேடா?"

"நெருப்பு பழசாம், மகாராஜா. அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டார் மந்திரி" என்றான் சேவகன்.

சாப்பிட உட்கார்ந்தால் பச்சைக் கிழங்கு. நெல் பழசாம். பட்டு வேட்டியைக் கேட்டால், நெசவும் பழசு என்று வாழை இலையையும் நாரையும் நீட்டினார்கள். தேருக்குச் சக்கரமே இல்லை. ராஜா இடுப்பு இலையைப் பிடித்துக்கொண்டு சபைக்கு நடந்தான். வழி நெடுக ஒரு ஆடு விடாமல் பின்னாலேயே வந்தது.

"இளநாகரே! உம்மை இப்போதே நாடு கடத்துகிறேன். யாரங்கே, எழுது ஓலையை!"

"எழுத்தும் பழசு, மன்னா."

"அப்படியானால் ராஜா நான் வாயால் சொல்கிறேன், போம்!"

"ராஜா என்கிற வழக்கமே பழசாயிற்றே!" மந்திரி கைகூப்பினார். "அதுகூடப் போகட்டும். தாங்கள் பிறந்தது முடிசூடுவதற்கு முந்திதானே? உத்தரவுப்படி பார்த்தால் தாங்களே செல்லாது!"

ராஜா இலையைப் பார்த்தான், ஆட்டைப் பார்த்தான். குபீரென்று சிரித்துவிட்டான்.

"எவனோ ஒருத்தன் அன்றைக்குக் கல்லோடு கல்லை உரசினதால்தான் நான் வெந்நீரில் குளிக்கிறேன். எனக்குத்தான் புத்தி இல்லை ஐயா!"

தன் பாட்டனார் அணிந்த முத்துமாலையைக் கொண்டுவரச் சொல்லி மந்திரி கழுத்தில் போட்டான்.

"பழசாயிற்றே மன்னா, செல்லுமா?"

"செல்லும்யா, செல்லும்!"

பூதலிங்கம் நைசாக நழுவப் பார்த்தான். ராஜா விடுவானா?

"நில்லடா! பழைய காலமே வேண்டாம் என்றவன் நீதானே? காட்டுக்குப் போ. நெருப்பிலிருந்து எழுத்து வரைக்கும் எல்லாவற்றையும் நீயே புதிதாகக் கண்டுபிடி. அப்புறம் மன்னிப்பு ஓலை எழுதி எடுத்துக்கொண்டு வா!"

போனவன் இன்னும் இரண்டு கல்லை வைத்துத் தட்டிக்கொண்டே இருக்கிறானாம். புகைகூட வரவில்லை என்று கேள்வி.