முதலாளியின் நிழல்

விருதுநகர் எண்ணெய் ஆலை முதலாளி செண்பகமூர்த்தி, ஊர் பார்த்து வியக்கட்டும் என்று மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்து பங்களா கட்டினார். ஊர் வியந்ததோ இல்லையோ, வெயில் உள்ளே வந்து குடியேறியது. ஐந்து ஏசியும் ஓயாமல் ஓடின.

"அடுத்த கரண்டு பில் பாதியாகணும், ஹால் ஊட்டியாட்டம் இருக்கணும். இல்லேன்னா வேற வேலை பாத்துக்க!" என்று சமையல்காரி பேச்சியம்மாளிடம் கர்ஜித்தார்.

பில்லுக்கும் சாம்பாருக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. பரணில் கிடந்த, அவர் முகம் பெரிதாக அச்சடித்த மணிவிழா பேனரை எடுத்து, கண்ணாடிக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டாள். ஹால் குளிர்ந்தது. மூன்று ஏசியை அணைத்தாள்.

மாலையில் வந்த முதலாளி குதித்தார். "என் மூஞ்சியை வெயில்ல காயப்போட்டது யாரு?"

"நான்தாங்கய்யா. இருபது வருசமா உங்ககிட்ட வேலை பாக்கேன். இன்னைக்குத்தான் உங்க நிழல்ல ஒதுங்க முடிஞ்சுது."

அவர் உள்ளே போய் குளிர்ந்த ஹாலில் உட்கார்ந்தார். பில் பாதியாக வந்தது. அந்த முகத்தால் வீட்டுக்கு ஆன முதல் உபகாரம் அதுதான் என்று தெருவே சொல்லிச் சிரித்தது.