கீரிக்குட்டிக்காகப் பேசிய மைனா

மலையடிவாரத்துக் காடு ஒன்றில், பிள்ளைகளே, பெரிய புங்கமரம் ஒன்று நின்றது. இரை தேடப் போகும் தாய்கள் தங்கள் குட்டிகளை அதன் நிழலில் விட்டுப் போவார்கள். குட்டிகளைப் பார்த்துக்கொண்டது ஒரு மைனா. நல்ல மைனாதான், ஆனால் அதன் வாய் ஒரு நிமிடம் சும்மா இருக்காது.

அங்கே வரும் கீரிக்குட்டிக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்ததை யோசிக்கும். அதுவரை காத்திருக்க மைனாவுக்கு ஏது பொறுமை? குட்டி வாயைத் திறப்பதற்குள் பசிக்கிறது என்று தானே சொல்லிப் பூச்சியை ஊட்டிவிடும். சாயங்காலம் தாய்க்கீரி வந்து, இன்று என்ன விளையாடினாய் என்று பிள்ளையைக் கேட்டால், பதில் மைனாவிடமிருந்து வரும். அதில் அதற்குப் பெருமை வேறு.

ஒரு நாள் மத்தியானம் கீரிக்குட்டி மூச்சிரைக்க ஓடிவந்தது.

"அங்கே..." என்று தொடங்கியது.

"தெரியும், தாகம். தண்ணீர் குடித்துவிட்டுப் போய்த் தூங்கு," என்றது மைனா. குட்டியும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டது.

சாயங்காலம் தாய்முயல் வந்து கேட்ட பிறகுதான், முயல்குட்டி அங்கே இல்லை என்பதே மைனாவுக்குத் தெரிந்தது. எல்லோரும் தேடினார்கள். மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. கடைசியாக முயல்குட்டியோடு விளையாடியது கீரிக்குட்டிதான் என்று ஓர் அணில் சொன்னது.

"கண்ணே, என் பிள்ளை எங்கே?" என்று கேட்டாள் தாய்முயல்.

கீரிக்குட்டி அவளைப் பார்க்கவில்லை. அண்ணாந்து மைனாவின் வாயைப் பார்த்தது. வழக்கம்போல மைனாவே சொல்லட்டும் என்று நின்றது.

மைனாவுக்கு என்ன தெரியும், சொல்வதற்கு? அத்தனை தாய்களின் முன்னாலும் அதற்கு உடம்பெல்லாம் கூசியது. மத்தியானம் குட்டி ஓடிவந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதை மறைத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தது, வெட்கங்கெட்ட மைனா. தாய்முயலின் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"இவன் மத்தியானமே சொல்ல வந்தான். நான்தான் பேசவிடவில்லை," என்று ஒப்புக்கொண்டது. பிறகு கிளையிலிருந்து இறங்கிக் குட்டியின் எதிரே உட்கார்ந்தது. "நீயே சொல்லப்பா. நான் வாயைத் திறக்கமாட்டேன்."

குட்டி யோசித்தது. தாய்க்கீரி அவசரப்பட்டு ஏதோ சொல்ல வந்தபோது மைனா சிறகை நீட்டித் தடுத்தது. தூறல் விழத் தொடங்கியது.

"முள்ளம்பன்றி... வளை," என்றது குட்டி. "உள்ளே... கால்... மாட்டிக்கொண்டது."

எல்லோரும் ஓடினார்கள். போய்ச் சேர்வதற்குள் மழை வலுத்து, வளைக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. தாய்க்கீரி மண்ணைப் பறித்து முயல்குட்டியை வெளியே இழுத்தாள். மத்தியானத்திலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், அதற்கு அழக்கூடக் குரல் வரவில்லை.

தாய்முயல் மைனாவைத் திரும்பியும் பார்க்காமல் பிள்ளையை நக்கிக்கொடுத்தாள். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது மைனாவுக்கு.

அப்போது கீரிக்குட்டி அதன் அருகில் வந்தது.

"நான்... அப்போதே..." என்று தொடங்கியது.

மைனா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அது முழுவதும் சொல்லி முடிக்கும்வரை கேட்டது.

நீதி: குழந்தை சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள், குழந்தைக்காக நீங்களே பேசிக்கொண்டிருந்தால் அது பேசுவதையே விட்டுவிடும்.