மணிக்கட்டில் பதினான்கு அதிர்வுகள்

"மேடம், கைப்பட்டை நல்லாத்தான் வேலை செய்யுது. என் வீட்டுக்காரிதான் கழட்டி அரிசி டப்பாவுல போட்டுட்டா."

சொன்ன சீடர் பொன்னுரங்கம், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வயது அறுபத்தொன்று.

கேட்டுக்கொண்டிருந்த குரு ரஷீதாவுக்கு இருபத்தெட்டு. திண்டுக்கல்லில் ஒரு செல்போன் கடை மாடியில், மைக்ரோகன்ட்ரோலருக்கு புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுப்பவர்.

பொன்னுரங்கம் முதலில் அந்த மைக்ரோகன்ட்ரோலர் சில்லை ஒலி எழுப்ப வைத்தார். பத்து நாள் பாடுபட்டு ஏழு சுரமும் பீப் பீப் என்று வந்தது. பெருமையோடு கொண்டுபோய் மனைவி சொர்ணத்தின் முன்னால் வைத்த பிறகுதான் உறைத்தது, அவளுக்குக் காது கேட்காது.

அதன்பின் அதிர்வுக்கு மாறினார். பொத்தான் இவர் கையில், அமுக்கினால் அதிரும் பட்டை அவள் மணிக்கட்டில்.

"மொத்தம் எத்தனை அதிர்வு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார் ரஷீதா.

"பதினாலு. குட்டையா ஒண்ணுன்னா காபி. ரெண்டுன்னா தண்ணி. நீளம் ஒண்ணு, குட்டை ஒண்ணு, என் கண்ணாடி எங்க. பட்டியல் போட்டு ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன்."

"முன்னாடியெல்லாம் எப்படிக் கேப்பீங்க?"

"எந்திரிச்சு அடுப்படிக்குப் போய் அவ முன்னால நிப்பேன். உதட்டைப் பாத்தே புரிஞ்சுக்குவா. இப்ப அந்த அலைச்சல் மிச்சம்."

ரஷீதா அவர் கொண்டுவந்திருந்த பட்டையை எடுத்து சீடரின் மணிக்கட்டில் கட்டினார்.

"பொத்தானை அவங்ககிட்ட குடுங்க. ஒரு வாரம் கழிச்சு வாங்க."

"பட்டியல்?"

"அது இனிமே அவங்க பாடு."

ஒரு வாரம் கழித்து பொன்னுரங்கம் வந்தார். மணிக்கட்டு சிவந்திருந்தது. மீசை ஒரு பக்கம் குட்டை, ஒரு பக்கம் நீளம்.

"எதிர்த்த சலூன்ல உக்காந்திருக்கேன் மேடம். ரெண்டு குட்டை. பாதி சவரத்துல எந்திரிச்சு ஓடினேன். என்னன்னு பாத்தா கறிவேப்பிலை வாங்கணுமாம்."

"அப்புறம்?"

"குப்பை, மோட்டார், பால் பாக்கெட். உக்காரவே விடல. ஆனா வியாழக்கிழமை நீளமா ஒண்ணு வந்துச்சு. நிக்கவே மாட்டேங்குது. அவ பட்டியல்ல அப்படி ஒண்ணு கிடையாது. வழுக்கி விழுந்துட்டாளோன்னு அடிச்சுப் புடிச்சு ஓடினேன்."

"விழுந்திருந்தாங்களா?"

"இல்ல. அடுப்படியில நல்லாத்தான் நிக்கிறா. என்னடின்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"சும்மாதான்னுட்டா."

ரஷீதா சிரிக்கவில்லை.

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்யறது, அங்கயே நின்னு பேசிட்டிருந்தேன். குக்கர் விசில் அவளுக்குக் கேக்காது, சரி. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு, எனக்கும் கேக்கல. பருப்பு அடிப்பிடிச்சுப் போச்சு."

கொஞ்ச நேரம் தன் மணிக்கட்டையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு மடிக்கணினியைத் திறந்தார். முப்பத்தாறு வருஷம் கணக்கு நடத்தியவர். எதையும் எண்ணில் எழுதாவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது.

"இந்தச் 'சும்மா'வையும் புரோகிராம்ல சேத்துடலாம் மேடம். எத்தனை மில்லிசெகண்ட் வைக்கட்டும்?"

ரஷீதா கை நீட்டி மடிக்கணினியை மெதுவாக மூடினார்.

"பருப்பு அடிப்பிடிக்கிற வரைக்கும்."