சனியை ஓரமா நின்னு பாத்த செங்கமலம்

ஒரு ஊர்ல ஒரு தேங்கா வியாபாரி இருந்தா. பேரு செங்கமலம். நீ கண்ணை மூடிக்கோ, காதை மட்டும் திறந்து வை. தூங்கலன்னா "ம்" சொல்லணும், சரியா?

"ம்."

அந்தச் செங்கமலம் ஒரு தேங்காயை எடுத்தான்னா டொக் டொக்குனு தட்டுவா. காதோரம் வெச்சு ஆட்டுவா. சளக் சளக்னு தண்ணி ஆடினாத்தான் கூடையில போடுவா. பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல, எல்லாம் ஏமாந்து ஏமாந்து படிச்ச படிப்பு. அவ விலை பேச நின்னா சந்தையே நின்னு வேடிக்கை பாக்கும். கோவம்? மூக்கு நுனியில இருக்கும்.

அவ வீட்டுக்காரர் மாசாணம் மரம் ஏறுறவரு. விடியறதுக்கு முன்னாடியே சரசரன்னு உச்சிக்குப் போயிருவாரு. "நட்சத்திரத்துக்கு நான் பக்கத்து வீட்டுக்காரன்"னு பீத்திக்குவாரு. அப்புறம் அவருக்கு ஏழரைச் சனி வந்துச்சு. ஒரு நாள் மட்டை வழுக்கி, பொத்துனு கீழ விழுந்தாரு. உயிர் தப்பிச்சுது. ஆனா கழுத்து முன்பக்கமா மடங்கினது மடங்கினதுதான், நிமிரவே இல்ல. தேர் வந்தா சக்கரத்தை மட்டும் பாப்பாரு. மல்லாந்து படுத்தாலும் தலைக்கு ரெண்டு தலகாணி வெக்கணும். அப்பவும் எதிர்ச் சுவருதான் தெரியும்.

அப்புறம், ஏழரை முடிஞ்ச வாரம், சாப்பிடும்போது கேட்டாரு. "ஏ கமலம், வானம் அங்கனயேதான் இருக்கா?"

"இருக்கு! யாரு தூக்கிட்டுப் போனா? சாப்பிடுங்க!"

கத்திட்டு, மட்டைக் குவியலுக்குப் பின்னாடி போய் அழுதா. கோவக்காரி அழுதா சத்தமே வராது, தெரியுமா?

"ம்."

மறுநாள் மூக்குக் கண்ணாடி விக்கிற கமால் பாய் கடைக்கு விறுவிறுன்னு போனா. "பாய், வானத்தைக் கிட்டக் காட்டுற குழாய் வேணும். எங்க வீட்டுக்காரரு பாக்கணும்."

"டெலஸ்கோப்பா? இருக்குக்கா."

முதல்ல ஒண்ணை எடுத்து வெச்சாரு. பளபளன்னு அட்டைப்பெட்டி. ஐந்நூறு மடங்கு பெருசா காட்டும்னு போட்டிருந்துச்சு. செங்கமலம் குழாயை எடுத்து டொக் டொக்குனு தட்டினா. காதோரம் வெச்சு ஆட்டினா. கட கட கடன்னுச்சு.

"ஐயோ, ஆட்டாதீங்கக்கா! அது தேங்கா இல்ல!"

"பின்ன உள்ள என்ன உருளுது?"

பாய் பாத்தாரு. உள்ள கண்ணாடியே கழண்டு கிடந்துச்சு. முக்காலியில வெச்சா அது கிடுகிடுன்னு ஆடுது, அகத்திக் குச்சி மாதிரி கால். பாய் பெரிய மனுஷன், ஒத்துக்கிட்டாரு. "மடங்குக் கணக்கை நம்பாதீங்கக்கா. முன்னாடி இருக்கற கண்ணாடி அகலமா இருந்தாத்தான் வெளிச்சத்தைப் பிடிக்கும். இது ரொம்பச் சின்னது. எத்தனை மடங்கு பெருசாக்கினாலும் புகைதான் தெரியும்."

"மட்டை பெருசு, உள்ள பருப்பு இல்லைங்கிறீங்க. எடுத்து உள்ள வைங்க."

அப்புறம் ரெண்டாவது. நல்ல அகலமான கண்ணாடி. முக்காலி திம்முனு நின்னுச்சு. தெருக்கோடிக் கடிகாரக் கோபுரத்துக்குத் திருப்பி வெச்சாரு. செங்கமலம் பாத்தா. பாத்தவ, "அடப்பாவி! கோபுரத்தைக் கவுத்துப் போட்டுட்டீங்களே!"ன்னு ஒரே கத்து. தெருவே திரும்பிச்சு.

"டெலஸ்கோப்னா தலைகீழாத்தான் காட்டும்க்கா. வானத்துல ஏது மேல கீழ?"

"அது போகட்டும். வானத்துக்குத் திருப்பினா எப்படிப் பாக்குறது?"

பாய் குழாயை மேல தூக்கி வெச்சாரு. அவ கீழ குந்தி, அண்ணாந்து, கழுத்தை ஒடிச்சுக்கிட்டு பாத்தா. பாத்துட்டு எழுந்தா. சத்தமே குறைஞ்சுபோச்சு. "இவ்வளவு நிமிர முடிஞ்சா அவருக்குக் குழாய் எதுக்கு பாய்?"

ம் சொல்லு. தூங்கிட்டியா?

"...ம்."

அப்புறம் மூணாவது. அதே அகலம். ஆனா பின்பக்கம் மடக்கின முழங்கை மாதிரி ஒரு வளைவு, அதுக்குள்ள ஒரு கண்ணாடி. குழாய் மேல பாக்கும், நாம குனிஞ்சு பாக்கலாம். குனிஞ்சா கோபுரம் நேரா நிக்குது. ஆனா கோபுரத்துக் கடிகார முள்ளு எதிர்ப்பக்கமா ஓடுது!

"இடதை வலதாக் காட்டுதே பாய். அந்தக் குறைக்கு விலையைக் குறைங்க."

"யக்கா, வானத்துல ஏது இடது வலது?"

"வானத்துல இல்ல. கடையில இருக்குல்ல?"

மூணு தரம் படி இறங்கினா. மூணு தரம் பாய் கூப்பிட்டாரு. விலை படிஞ்சுது. "சரி, இதுல என்ன காட்டுவீங்க?"ன்னு கேட்டா.

"இப்ப சாயங்காலத்துல சனி நல்லாத் தெரியுதுக்கா. வளையத்தோட."

செங்கமலம் வெடுக்குனு கையை இழுத்துக்கிட்டா. "சனியா? கோயில்லயே அவருக்கு நேரா நிக்க மாட்டோம். ஓரமா நின்னு கும்பிட்டு ஓடியாந்துருவோம். ஒருதரம் விழுந்தது போதும், குழாயே வேணாம்!"

அவ வாசல் வரைக்கும் போனா. இந்தத் தரம் பேரத்துக்குப் போகல, நெசமாவே போனா. அப்புறம் நின்னா. திரும்பி அந்த முழங்கையைப் பாத்தா.

"பாய், குழாய்தானே அவரை நேராப் பாக்குது? நாம ஓரமா நின்னு, குனிஞ்சுல்ல பாக்குறோம்?"

"ஆமாக்கா."

"அப்போ கோயில்ல நிக்கிற மாதிரிதானே?"

"அப்படியேதான்க்கா."

"தூக்குங்க. நீங்களும் வாங்க, குறி வெச்சுக் கொடுக்க."

விளக்கு வெச்ச நேரம். வீட்டு வாசல்ல முக்காலி நின்னுச்சு. பாய் குறி வெச்சாரு. மாசாணம் மடங்கின கழுத்தோட மெதுவா வந்தாரு. அவரு நிமிரவே வேணாம். அந்தக் கழுத்து மடங்கினபடியே போய்க் குழாயோட முழங்கையில சரியாப் பொருந்திச்சு.

ஒரு கண்ணை இடுக்கிக்கிட்டுப் பாத்தாரு.

"தெரியுதா? தெரியலயா? ஏமாத்திட்டாரா பாய்?"ன்னு செங்கமலம் பட படன்னு கேட்டா.

மாசாணம் கண்ணை எடுக்கல. குழாய்க்குள்ள தெரிஞ்ச சனிகிட்டயே பேசினாரு. "இத்தனை அழகா வளையத்தை வெச்சுக்கிட்டாய்யா என்னைத் தள்ளிவிட்ட? சரி போ. உயிரை மட்டும் விட்டுவெச்சுட்டுப் போனியே. நல்லா இரு."

அப்புறம் செங்கமலம் ஓரமா நின்னா, குனிஞ்சா. கடுகளவு வெளிச்சம், அதைச் சுத்தி ஒரு வளையம். "அவரு கழுத்தைத் திருப்பிக் கொடு"ன்னு கேக்கத்தான் வந்தா. கேக்கல. கையை மட்டும் கூப்பினா. அவ வாழ்க்கையில பேரம் பேசாம வாங்கிக்கிட்டது அந்தக் காட்சி ஒண்ணைத்தான்.

மறுநாள் கமால் பாய் வாசல்ல ஒரு கூடைத் தேங்கா இருந்துச்சு. ஒவ்வொண்ணும் தட்டிப் பாத்து, ஆட்டிப் பாத்து எடுத்தது.

ம்?

ம் வரலையே. சரி, சனியும் வளையத்தைப் போத்திக்கிட்டுப் படுத்துருச்சு. கதையும் படுத்துருச்சு. நீ தூங்கு தங்கம்.