ஆறு கட்டைப் பெட்டி

மெல்லிசைக் குழு நடத்தும் தாமோதரனுக்குத் தன் வெளிநாட்டுக் கீபோர்டின் மேல் அப்படியொரு கர்வம். சங்கரன்கோவில் பக்கம் ஒரு காதுகுத்து விழாவுக்குத் துணைக்கு வாசிக்க வந்த எஸ்தர், மடியில் அடங்கும் பழைய கீபோர்டோடு மேடையேறினாள்.

"கடையில இதைவிட மட்டமா எதுவும் கிடைக்கலையாம்மா?"

"கிடைச்சுது அண்ணாச்சி. நான் கேட்ட கேள்விக்கு இதுதான் தேறுச்சு."

"எத்தனை கட்டை தாங்கும்?" என்று சுருதியைக் கேட்டார்.

"ஆறு கட்டை அண்ணாச்சி."

"ஆறுதானா! என்னுது எந்தக் கட்டைக்கும் பேசும். உன் பெட்டிச் சத்தம் இன்னிக்கு இந்தப் பந்தல்ல கேட்டுச்சுன்னா, நாளையில இருந்து நீதான் முதல் கீபோர்டு!"

குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்து, ஆசாரி ஊசியை எடுத்ததும் கரண்ட் போனது. ஜெனரேட்டர்காரரோ பந்தியில் இருந்தார். வெளிநாட்டுக் கீபோர்டு ஊமையானது. குழந்தை வீறிட்டது.

எஸ்தர் வாசித்தாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தது. பந்தல் முழுக்கக் கைதட்டல்.

தாமோதரன் ஓடிவந்து அவள் பெட்டியைப் புரட்டிப் பார்த்தார். அடியில் டார்ச்லைட்டுக்குப் போடும் பேட்டரிக் கட்டைகள் ஆறு.

"கரண்ட் இல்லாம வாசிக்குமான்னுதான் கடையில கேட்டேன்," என்றபடி எஸ்தர் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். "உங்களுது எத்தனை கட்டை அண்ணாச்சி?"